ஜூன் முப்பத்தொன்று

அலுவலகத்தில் அவருக்குத் தூண் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும். பதினோரு வருடங்களில் அந்த மூன்றாம் மாடிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், கேக் வெட்டிவிட்டுப் போனார்கள், கதவை அறைந்துவிட்டும் போனார்கள். இவர் மட்டும் அதே சுவரோர மேசையில், கைப்பிடி உடைந்த அதே நாற்காலியில் இருந்தார். தூணிடம் போய் யாரும் நலம் விசாரிப்பதில்லை. கஷ்டம் வந்தால் சாய்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

காலை எட்டு ஐம்பதுக்கு வருவார். மேசையில் இரண்டு திரைகள். வலது பக்கத்தில் நிரல் எழுதும் எடிட்டர், இடது பக்கத்தில் கட்டளைகளைத் தட்டக் கறுப்பாக ஒரு டெர்மினல். விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. பார்த்துத் தட்டுகிற ஆள் இல்லை என்பதால் அவர் அதை மாற்றவில்லை. உட்கார்ந்ததும் முதல் கட்டளை, மற்றவர்கள் நேற்று மாலைவரை எழுதியதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். இரண்டாவது கட்டளை டெஸ்ட்டுகளை ஓட்டும். நிரல் சொன்னபடி நடக்கிறதா என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்டுகள். ஒவ்வொன்றும் தேறத் தேறத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். எல்லாம் விழுந்து முடிய நான்கு நிமிடம் ஆகும், அதற்குள் மெஷினில் டீ பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப். எல்லாரும் நின்றுகொண்டே பேசும் கூட்டம். உட்கார விட்டால் கதை பேசியே பொழுதை ஓட்டிவிடுவார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு பயம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடை உண்டா என்று மூன்றே கேள்விகள். தூண் தன் முறை வந்ததும் இரண்டு வாக்கியம் சொல்லி, "தடை ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிடுவார். யாருக்கு என்ன வேலை என்று காட்டும் டிக்கெட் பலகையில் தன் அட்டையை 'செய்துகொண்டிருப்பது' என்ற பத்தியிலிருந்து 'முடிந்தது' பத்திக்கு நகர்த்துவார். அடுத்த அட்டையை எடுப்பார். இப்படியே பதினோரு வருடம்.

சோகமான ஆள் என்று சொல்லிவிட முடியாது. சோகம் என்றாலும் அது ஒரு உணர்ச்சிதானே, அதுவும் இல்லை. இரண்டு வருடமாக எதுவும் உறைப்பதில்லை. மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டியதைப் பார்த்துத் தானும் தட்டினார். கூடப் படித்த நண்பன் செத்துப்போன செய்தி வந்த அன்று, எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப ஒரு கூட்டத்தை மாற்றி வைத்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டரும் சந்தோஷப்பட்டார், மனைவியும் சந்தோஷப்பட்டாள். தூண் "சரி" என்றார்.

அவர்கள் செய்து கொடுப்பது ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். எந்த நோயாளி, எந்தத் தேதியில், எந்த டாக்டரிடம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, முன்கூட்டியே போனுக்குச் செய்தி அனுப்பும். அந்தத் திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து காரசாரமாகக் கடிதம் வந்தது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஏழு பேரில் ஒருவர்கூட ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரவில்லை. ஒரு மாதம் முன்பே செய்யச் சொல்லிப் போக வேண்டிய செய்தி ஒருவருக்கும் போகவில்லை. ஏழு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி பத்து வாரம் கழித்து. அதில் ஒருவர் தையல்காரர், கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையை மூடிவிட்டு வந்தவர். அவர் சொன்னதை அப்படியே கடிதத்தில் போட்டிருந்தார்கள்: "எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை."

செவ்வாய்க்கிழமை காலை அந்த டிக்கெட் தூணிடம் வந்தது. இருபது நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிட்டார். ஜூலை முப்பத்தொன்றுக்கு ஒரு மாதம் முன்பு என்றால் ஜூன் முப்பத்தொன்று. அப்படி ஒரு நாளே கிடையாது. இல்லாத தேதி வந்தால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. எச்சரிக்கை கொடு என்று அது சொல்லவில்லை, கடைசித் தேதியை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் தாண்டிப் போ என்று சொன்னது. நிரலும் சொன்ன பேச்சைத் தட்டாமல் ஏழு பேரையும் தாண்டிப் போயிருந்தது. பச்சைப் புள்ளிகள் வழக்கம்போல விழுந்துகொண்டுதான் இருந்தன.

யார் எழுதிய வரி என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. கிட் என்கிற கருவி, யார் எந்த நாளில் எந்த வரியைத் தொட்டார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும். கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயரைக் காட்டும். அந்தக் கட்டளைக்கு 'பிளேம்' என்று, அதாவது பழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

தட்டிப் பார்த்தார். புதுப்பொண்ணின் பெயரைக் காட்டியது.

புதுப்பொண்ணு அவருக்குப் பக்கத்து மேசை. வந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் பெயர் மாறவில்லை. ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவள். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமைதான். அப்பா தனியாக ஊரில் இருக்கிறார், தினமும் மத்தியானம் அவருடன் போனில் பேசுவாள். தூணை "அண்ணா" என்று கூப்பிடுவாள். அவர் பதில் சொல்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் பெயரைப் பார்த்ததும் தூணுக்கு ஏதோ இடித்தது. 'சத்தம் போடாமல் தாண்டிப் போ' என்று எழுதும் பெண் இல்லை அவள். அவளுடைய நிரலில் தும்மினால்கூட எச்சரிக்கை வரும். எட்டு மாதத்துக்கு முன் நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. எல்லாக் கோப்புகளிலும் இடைவெளியும் வரிசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அப்போது குழுவை நடத்திய லீட் சொன்னார். ஒரு கருவியை ஓடவிட்டால் அதுவே ஒழுங்குபடுத்திவிடும். யாராவது கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தூணிடம் கேட்டார்கள். "உக்காந்து செய்யற வேலைதானே, புதுப்பொண்ணுகிட்ட குடுங்க" என்றார் தூண்.

அவளும் ஆர்வமாகச் செய்தாள். எண்ணூறு கோப்புகள். போகிற போக்கில் கண்ணில் பட்ட சின்னச் சின்ன விஷயங்களையும் சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிட்டில் கமிட், அதாவது பதிவு, செய்துவிட்டாள். ஒழுங்குபடுத்தலை ஒரு மூட்டையாகவும், திருத்தத்தை வேறு மூட்டையாகவும் கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அவளுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் தூண்தான், ஏனென்றால் அந்த மூட்டையை ரிவியூ செய்தவர், அதாவது சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியவர், அவர். எண்ணூறு கோப்பையும் யார் பார்ப்பது? சுட்டியை உருட்டிக் கீழே வந்து, "பாத்தாச்சு" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எண்ணூறு கோப்புகளின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவள் பெயர்.

அந்த மூட்டைக்கு முந்தைய நிலையிலிருந்து பார் என்று கட்டளையை மாற்றித் தட்டினார். பெயர் மாறியது. ஆறு வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று நாற்பது. குறிப்பில் 'சின்ன மாற்றம்' என்று இருந்தது. எழுதியவர் தூண்.

அப்போது வேறு ஏதோ சின்னத் தேவைக்கு எழுதியது. ஒரு மாத முன்னறிவிப்பு என்ற வசதியை இந்த ஆஸ்பத்திரிக்காகச் சமீபத்தில் சேர்த்தபோது, பழைய வரி புதிய வேலைக்கு வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தன் பெயரைப் பார்த்தபோது பயம் வரும், வெட்கம் வரும் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

முதுகுக்குப் பின்னால் இப்போதைய லீட் வந்து நின்றான். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இவரைவிடப் பத்து வயது சின்னவன், கெட்டவன் இல்லை. தூண் அதற்குள் திரையை மூடியிருந்தார். மறைக்கத்தான் மூடினாரா, கைப் பழக்கமா என்று அவருக்கே தெரியாது.

"நானும் என் சீட்ல தட்டிப் பாத்துட்டேன் தூணே" என்றான் குரலைத் தாழ்த்தி. "புதுப்பொண்ணு வேலை. பாத்தீங்களா?"

"ம்" என்றார் தூண்.

பார்த்தேன் என்பதற்கும் அது பொருந்தும், ஆமாம் என்பதற்கும் பொருந்தும். லீட் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூப்பிட்டு நிறுத்த நான்கு எட்டு தூரம் இருந்தது. நான்கு எட்டும் கடந்து, அவன் தன் இடத்தில் உட்கார்ந்தும்விட்டான். சரி, டிக்கெட்டில் எழுதிவிடலாம் என்று தூண் நினைத்தார். எழுதும் பெட்டியைத் திறந்து மூன்று வரி தட்டினார். பிறகு அழித்தார். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று கோளாறைச் சரிசெய்யப் போனார். அதை மட்டும் அன்றே அழகாகச் செய்து முடித்துவிட்டார்.

புதன்கிழமை அந்தத் திருத்தம் ரிவியூவுக்குப் போனது. பார்க்க வேண்டியவள் புதுப்பொண்ணு, அந்த வாரம் அவள் முறை. முந்தின நாள் சாயங்காலமே லீட் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தான். வழக்கமாக ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்பவள், அன்று ஒன்றும் கேட்கவில்லை. ஒப்புதல் கொடுத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணா. நான் பண்ணி வச்ச தப்புக்கு நீங்க உக்காந்து வேலை பாக்க வேண்டியதாயிடுச்சு."

"பரவால்ல" என்றார் தூண்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தன் தப்புக்கு அடுத்தவளை மன்னித்து, அதற்குப் பெருந்தன்மை வேறு. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் அதற்குள், "எனக்கு அந்த வரியை எழுதினதா ஞாபகமே இல்லண்ணா, ஆனா என் பேருதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கருவி காட்டுகிறது, அப்படியானால் செய்திருப்போம் என்று நம்பிவிட்டாள். இந்தத் தொழிலில் தன் நினைவைவிடத் திரையை நம்பித்தான் எல்லாரையும் பழக்குகிறார்கள்.

வியாழக்கிழமை ஸ்டாண்ட்-அப்பில் தன் முறை வந்தபோது தூண், "ஆஸ்பத்திரி டிக்கெட் முடிஞ்சிடுச்சு. தடை ஒண்ணும் இல்ல" என்றார். மத்தியானம் லீட் செய்தி அனுப்பினான்: புதுப்பொண்ணு எப்படி வேலை பார்க்கிறாள் என்று, பக்கத்தில் இருக்கிறவர் என்ற முறையில், நாளைய கூட்டத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். தூண் எழுதினார்: 'உழைப்பாளி. கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு. அனுபவம் வர வேண்டும்.' அதில் பொய் ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்தார், எழுத்துப்பிழை இல்லை, அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தூண் நடந்ததைச் சொன்னார். பேப்பரில் வந்த செய்தியை வாசிப்பதுபோலச் சொன்னார். மனைவி கை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க தப்புன்னு இன்னும் சொல்லலியா?"

"சொல்லணும்."

"ஏன் சொல்லல? வேலை போயிடும்னு பயமா?"

"இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அவ மேல ஏதாவது கோவமா?"

"சேச்சே."

மனைவி மடித்த சட்டையை முட்டியின் மேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "பயமும் இல்ல, கோவமும் இல்ல. பின்ன எதுக்குங்க ஒரு பொண்ணை இப்படித் தவிக்க விடறீங்க? என்கிட்ட எத்தனை தடவை பதில் சொல்லாம உக்காந்திருப்பீங்க, நான் விட்டுடுவேன். கட்டிக்கிட்டவ, விட்டுத்தான ஆகணும். அவளுக்கு என்னங்க தலையெழுத்து?"

அவள் மிச்சத் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். சாப்பாட்டின்போது மகள் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடி அறையில் கூட்டம். மேனேஜர் அம்மாள், லீட், புதுப்பொண்ணு, திருத்தத்தை விளக்க தூண். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பதில் மேனேஜர் முன்னால் இருந்தது. 'அனுபவமற்ற ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்ததைத் தூண் தலைகீழாகவே படித்துவிட்டார். புதுப்பொண்ணு இரண்டு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

"தப்பு என்னோடது மேடம்" என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை, வீட்டில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். "எப்படி நடந்துச்சு, இனிமே நடக்காம இருக்க என்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். மொதல்ல..."

"இருங்க" என்றார் தூண்.

மூன்று பேரும் திரும்பினார்கள். கூட்டத்தில் அவர் குறுக்கே பேசி யாரும் பார்த்ததில்லை. அவர் மடிக்கணினியைச் சுவரிலிருந்த பெரிய திரையில் இணைத்தார். பழி காட்டும் கட்டளையைத் தட்டினார், அவள் பெயர் வந்தது. மாற்றித் தட்டினார், தன் பெயர் வந்தது. சுட்டியால் அதன்மேல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"இந்த வரி என்னோடது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. அவங்க இடைவெளியை மட்டும்தான் மாத்தினாங்க. அதனால அவங்க பேரு மேல வந்திருக்கு. அதை ரிவியூ பண்ணினதும் நான்தான்."

ஏதாவது இடிந்து விழும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். லீட் திரையைப் பார்த்து விசிலடிக்காத குறையாக, "அட, நீங்களா தூணே!" என்று சிரித்தான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆறு வருஷம் முன்னாடியா? அப்ப இந்த ஆஸ்பத்திரியே நம்மகிட்ட வரலியே. இதுக்குப் போய் யாரைச் சொல்றது? யார் எழுதியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்." பேனாவை எடுத்து அந்த முதல் வாக்கியத்தை அடித்தார். 'பழைய நிரலில் இருந்த குறைபாடு' என்று எழுதினார். புதுப்பொண்ணைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் என்னம்மா, உனக்கு ஒரு தடையும் இல்ல. திங்கக்கிழமை பர்மனென்ட் லெட்டர் வந்துடும்."

எட்டே நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. அவள் எழுதியிருந்தால் கவனக்குறைவாக இருந்த அதே வரி, அவர் எழுதியதென்றதும் யார் எழுதினாலும் நேர்ந்திருக்கக்கூடிய குறைபாடாக ஆகிவிட்டது. தையல்காரருக்கு மட்டும் எப்படிப் பார்த்தாலும் மாற்றம் இல்லை, அவருக்குப் பத்து வாரம் பத்து வாரம்தான்.

இருவரும் தங்கள் மேசைகளுக்குத் திரும்பினார்கள். புதுப்பொண்ணு அந்த இரண்டு பக்கத்தை நான்காக மடித்து, மடித்ததை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணா?"

இப்போதுதான், கூட்டத்துக்கு முன்னால்தான் தற்செயலாகப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். அவர் எப்போது தெரிந்துகொண்டார் என்பதைக் காட்டும் கட்டளை அவளிடம் எதுவும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை காலையில."

அவள் மனத்துக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. "நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டப்ப?"

"தெரியும்."

"பரவால்லன்னு சொன்னீங்களே."

அவர் தலையாட்டினார். அவள் கத்துவாள், அழுவாள் என்று பார்த்தார். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். "மூணு நாளா வீட்டுக்குப் போய் அந்த எண்ணூறு ஃபைலையும் ஒண்ணொண்ணா திறந்து பாத்தேன். இன்னும் எங்கெல்லாம் என்ன பண்ணி வச்சிருக்கேனோன்னு. எதைப் பாத்தாலும் தப்பாவே தெரிஞ்சுது. நேத்து அப்பாகிட்ட, எனக்கு இந்த வேலை வராதுப்பான்னு சொல்லிட்டேன். ஊருக்கே வந்துடும்மான்னு சொல்லிட்டாரு."

"இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. சொல்லிடு."

"நான் சொன்னா நம்ப மாட்டாரு. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நான் சமாளிக்கறேன்னு நினைப்பாரு." அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் அவரிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க."

தூண் வாங்கிக் காதில் வைத்தார். கண்ணாடி அறையில் சுலபமாகத்தான் இருந்தது. திரையில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு மற்றதைத் திரையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். இங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். "என்னம்மா, கெளம்பிட்டியா? நான் ரூமைப் பெருக்கித் தொடச்சு வச்சிருக்கேன். எதுக்கும் கவலைப்படாத, என்ன?"

தூணுக்குக் காது மடல் சுட்டது. இரண்டு வருடமாகத் தனக்குள் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தவருக்கு, இவ்வளவு வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வலித்தது. அவள் நாற்காலியை நகர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா? கேக்குதா?" என்றார் அப்பா.

"ஐயா, நான் உங்க பொண்ணு கூட வேலை செய்யறவன் பேசறேன்" என்றார் தூண். குரல் உடைந்தது. "உங்க பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலைங்க. பண்ணினது நான். அது தெரிஞ்சும் மூணு நாள் அவ பக்கத்துலயே உக்காந்து சும்மா இருந்துட்டேன்."

அப்பா, "ஏம்ப்பா?" என்று கேட்டார்.